ஆறு மாசம் தாண்டிட்டா அவ்வளவுதானா? பக்கவாதம் வந்து வருஷங்கள் கழிச்சு மறுபடி உடற்பயிற்சி

இந்த வாரம் லேப்டாப்பை மூடி வெச்சுட்டு உடம்பைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன். கீழக்கரையில எங்க வீட்டு முன்கூடத்துல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி நாற்காலி இழுபடுற சத்தம் கேட்டா, அது எங்க வாப்பா. எடிட்ல அதை எடுக்கப் போறதில்ல. அந்தச் சத்தம்தான் இன்னிக்கு விஷயமே.

2019 டிசம்பர்ல வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்துச்சு. அப்போ அவருக்கு 58 வயசு. இடது கை, இடது கால் ரெண்டும் விழுந்துடுச்சு. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் பிசியோதெரபி ஆரம்பிச்சோம். சுவரைப் பிடிச்சு நடக்கிற அளவுக்கு வந்தார். 2020 மார்ச்ல ஊரடங்கு வந்தது, பிசியோ நின்னு போச்சு. அதுக்கப்புறம் காட்டப் போனப்போ ஒரு மருத்துவர் சொன்னார்: "ஆறு மாசத்துல என்ன வருதோ அதுதான். இனிமே பெருசா எதிர்பார்க்காதீங்க." அவர் கெட்ட எண்ணத்துல சொல்லலை. ஆனா நாங்க அதைத் தீர்ப்பா எடுத்துக்கிட்டோம்.

அடுத்த நாலு வருஷம் கட்டில், நாற்காலி, டிவி. தொழுகையும் நாற்காலியில. தண்ணி வேணும்னு எழும்பினா உம்மா ஓடி வருவாங்க. நான் சென்னையில இருந்து வீடியோ கால்ல, "நீங்க உட்காருங்க வாப்பா, லாத்தா எடுத்துத் தருவாங்க"ன்னு சொல்லுவேன். பாசம்னு நினைச்சுத்தான் சொன்னோம். அதோட விலை என்னன்னு அப்புறம் வர்றேன்.

முதல்ல அந்த ஆறு மாசக் கணக்கு எங்கிருந்து வருதுன்னு பார்க்கலாம்.

அது முழுப் பொய் இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகு மூளை தானாகவே சரியாகிற வேகம் முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும்தான் அதிகம். வீக்கம் வடியும், அதிர்ச்சியில் அணைந்து கிடந்த பகுதிகள் மறுபடி வேலை செய்ய ஆரம்பிக்கும். பிறகு வரைபடம் தட்டையாகும். அந்தத் தட்டையைப் பார்த்துத்தான் "அவ்வளவுதான்"னு சொல்றாங்க. ஆனால் தானாக வருவது நின்றுவிட்டது என்பதும், பயிற்சி கொடுத்தாலும் வராது என்பதும் ரெண்டு தனித்தனி விஷயம். நாங்க ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிட்டோம்.

2011இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் லீப்ஸ் என்ற ஆய்வு வந்தது. பமீலா டங்கன் தலைமையில் அமெரிக்காவில் நடந்தது, 408 பேர். ஒரு குழுவுக்குப் பக்கவாதம் வந்து 2 மாதத்தில் டிரெட்மில் பயிற்சி, உடம்பை மேலிருந்து பெல்ட்டில் தாங்கிப் பிடிக்கிற வசதியோட. இன்னொரு குழுவுக்கு அதே பயிற்சி, ஆனா 6 மாதம் கழித்து. மூன்றாவது குழுவுக்கு எந்தப் பெரிய மெஷினும் இல்லை, பிசியோ வீட்டுக்கு வந்து பலமும் சமநிலையும் கூடுற பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார். ஒரு வருட முடிவில் மொத்தம் 52 சதவீதம் பேரின் நடை மேம்பட்டிருந்தது, மூணு குழுவுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. இதுல ரெண்டு செய்தி இருக்கு. தாமதமா ஆரம்பிச்சவங்களும் வந்து சேர்ந்துட்டாங்க. மெஷின் இல்லாதவங்களும் வந்து சேர்ந்துட்டாங்க. கீழக்கரை மாதிரி ஊர்ல இருக்கிறவங்களுக்கு ரெண்டாவதுதான் பெரிய சந்தோஷம்.

ஆறு மாதம் சரி, ஆறு வருடம்? அதுக்கு எட்வர்ட் டாப் கிட்ட போகணும். குரங்குகளை வைத்து ஆய்வு செய்த உளவியலாளர். அந்த ஆய்வகத்து நிலைமை 1981இல் பெரிய வழக்காகி, அமெரிக்காவில் விலங்குரிமை இயக்கம் வளர்ந்ததே அதில்தான் என்பார்கள். அந்தக் கதைக்குத் தனி எபிசோட் வேணும். அவர் கவனித்தது இது: ஒரு கையின் உணர்வு நரம்பை வெட்டிவிட்டால் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதே இல்லை. நல்ல கையைக் கட்டிப் போட்டால், "செத்துப் போன" கையைப் பயன்படுத்த ஆரம்பிக்கிறது. கை முழுசா முடியாமல் போகவில்லை. ஆரம்பத்தில் முயன்று தோற்றுத் தோற்று, அதைப் பயன்படுத்தாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது.

இதை 1993இல் மனிதர்களிடம் செய்து காட்டினார். பக்கவாதம் வந்து ஒரு வருடத்துக்கும் மேலானவர்கள், மொத்தம் 9 பேர் மட்டுமே. சின்ன ஆய்வுதான். ஆனால் 2006இல் எக்ஸைட் என்ற பெரிய ஆய்வு வந்தது, 222 பேர், 3 முதல் 9 மாதம் ஆனவர்கள். நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு இரண்டு வாரம் பலவீனமான கையாலேயே வேலை வாங்கினார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்கள் கை நன்றாக வேலை செய்தது. விரலும் மணிக்கட்டும் கொஞ்சமாவது அசைகிறவர்களுக்குத்தான் இது பொருந்தும் என்பதையும் சொல்லிடணும்.

இப்போ எங்க பாசத்துக்கு வர்றேன். வாப்பா இடது காலை ஊன்ற முயன்ற ஒவ்வொரு தடவையும் நாங்க ஓடிப்போய்ப் பிடிச்சோம். அந்தக் காலைப் பயன்படுத்தாம இருக்க நாலு வருஷம் நாங்களே அவருக்குப் பயிற்சி கொடுத்திருக்கோம்.

இதோட இன்னொரு கணக்கும் சேருது. நான் சாஃப்ட்வேர் ஆள், அதனால இப்படிச் சொல்றேன்: ஒரே எரர் மெசேஜ், அடியில ரெண்டு பக். ஒண்ணு மூளையில ஏற்பட்ட சேதம். இன்னொண்ணு, வருஷக்கணக்கா உட்கார்ந்ததால இதயமும் நுரையீரலும் தசையும் தளர்ந்து போனது. வெளியில இருந்து பார்த்தா ரெண்டுமே "நடக்க முடியலை"ன்னுதான் தெரியும். முதல் பக்கை முழுசா சரி பண்ண முடியாம இருக்கலாம். ரெண்டாவது எந்த வருஷத்திலும் சரியாகும்.

தனியாக வாழத் தேவையான அன்றாட வேலைகளுக்கு, உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு சுமார் 15 முதல் 18 மில்லி ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் வேணும்னு கணக்கு. பக்கவாதம் வந்தவர்களின் உச்சத் திறன் 8 முதல் 22 வரை என்றும், அதே வயதுக்காரர்களோட ஒப்பிட்டால் கிட்டத்தட்ட பாதி என்றும் அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் 2014இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. போதாக்குறைக்கு, ஒரு பக்கம் இழுத்து நடக்கிறவருக்கு அதே தூரத்துக்குச் சக்தி அதிகம் செலவாகும். நமக்கு பாத்ரூமுக்கு நடக்கிறது நடை. அவருக்கு அது படியேறுற மாதிரி. "சோம்பேறி ஆயிட்டார்"னு சொந்தக்காரங்க பேசுறப்போ இந்த நம்பரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

2024ல என்ன மாறுச்சு? உம்மாவுக்குச் சுகர் மாத்திரை கொடுக்க 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்கா வீட்டுக்கு வருவாங்க. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. பிரஷர், சுகர் மாத்திரைதான் எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறதும் அதே திட்டத்துல இருக்குன்னு எங்களுக்கு மூணு வருஷம் தெரியலை. அந்த அக்காதான் சொன்னாங்க.

வந்த பிசியோதெரபிஸ்ட் கையைக் காலைத் தூக்கிப் பார்த்துட்டு வாப்பாகிட்ட கேட்டாங்க: "எதைச் செய்ய முடியலைன்னு உங்களுக்கு ரொம்ப வருத்தம், பாய்?" நடக்கணும்னு சொல்வார்னு நான் நினைச்சேன். வாப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்: "நெத்தி தரையில பட்டு நாலு வருஷமாச்சும்மா."

எங்களுக்கு யாருக்குமே அது தெரியாது. முடியாதவங்க நாற்காலியில தொழலாம், மார்க்கத்துல அதுக்கு அனுமதி இருக்கு. ஆனா அவருக்கு சுஜூது தரையிலதான் வேணும். ஐந்து வேளையின் கட்டாயத் தொழுகையை மட்டும் எடுத்தாலே ஒரு நாளைக்கு 17 ரக்அத், ரக்அத்துக்கு ரெண்டு சுஜூது. 34 தடவை தரைக்குப் போய் வரணும். பிசியோதெரபிஸ்ட் சிரிச்சுட்டுச் சொன்னாங்க, "இதைவிட நல்ல ப்ரோக்ராம் நான் எழுதித் தர முடியாது பாய். ஆனா கீழ இருந்து மேல கட்டிட்டு வருவோம்."

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிபந்தனை. மருத்துவரைப் பார்த்து, இசிஜி எடுத்து, பிரஷர், சுகர், மாத்திரைகள் எல்லாத்தையும் சரிபார்க்கணும். வருஷக்கணக்கா உட்கார்ந்திருந்தவங்க நேரா மைதானத்துக்குப் போகக் கூடாது. முதல் பக்கவாதத்துக்குக் காரணமான ரத்தக்குழாய் இன்னும் அதே உடம்புலதான் இருக்கு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களுக்குக் கீழே விழுறது ரெட்டை ஆபத்து.

முதல் ரெண்டு மாசம் நாற்காலியில இருந்து எழும்பி உட்கார்றது மட்டும்தான். சுவரோட ஒட்டிப் போட்ட கனமான மர நாற்காலி, மேல ரெண்டு தலையணை. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், சறுக்கும். எழும்பும்போது இடது பாதத்தைக் கொஞ்சம் பின்னால் வைக்கச் சொன்னாங்க. அப்பதான் உடம்பு எடை அந்தக் கால் மேல விழும், இல்லைன்னா வலது கால் ஏமாத்தி மொத்த வேலையையும் தானே செஞ்சுடும். மூச்சை அடக்காம, எழும்பும்போது வெளியே விடணும். மூச்சை அடக்கி முக்கினா பிரஷர் சட்டுனு ஏறும். பத்துப் பத்தா ரெண்டு செட். ஒரு தலையணை போச்சு, அப்புறம் இன்னொண்ணு. அதுக்கப்புறம் குட்டை ஸ்டூல்.

நடையை நான் அளந்தேன். முன்கூடத்துல 10 மீட்டருக்கு டேப் ஒட்டி ஸ்டாப்வாட்ச். முதல் நாள் 28 விநாடி, அதாவது விநாடிக்கு 0.36 மீட்டர். மறுவாழ்வு மருத்துவத்துல ஒரு தோராயமான கோடு உண்டு: 0.4க்குக் கீழ இருந்தா வீட்டுக்குள்ள நடக்கிறவர், 0.8ஐத் தாண்டினா வெளியில தாராளமா நடமாடுறவர். எட்டு மாசம் கழிச்சு 20 விநாடி. 0.5 மீட்டர். வீட்டுக் கோட்டைத் தாண்டியாச்சு, ஊர்க் கோடு இன்னும் தூரம். ஸ்ப்ரெட்ஷீட்ல பார்த்தா சின்ன நம்பர். தெருமுனைப் பள்ளிவாசலுக்கு ஒரு தடவை நின்னு போக முடியுதா, மூணு தடவை நின்னு போக முடியுதாங்கிறதுதான் அந்த நம்பர்.

இந்த இடத்துல என் முட்டாள்தனத்தையும் சொல்லிடுறேன். ஆர்வத்துல வாப்பாவுக்கு ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கிக் கொடுத்தேன். 220ல வயசைக் கழிச்சு, அதுல ஒரு சதவீதம் போட்டு, நாடித்துடிப்பு 110 வரணும்னு டார்கெட் வெச்சேன். எவ்வளவு நடந்தாலும் 90ஐத் தாண்டலை. "இன்னும் கொஞ்சம் வேகமா வாப்பா"ன்னு போன்லயே விரட்டினேன். மூணாவது நாள் வியர்த்துக் கொட்டி, கால் பின்னி, லாத்தா தாங்கிப் பிடிக்காம இருந்திருந்தா விழுந்திருப்பார். காரணம், பிரஷருக்காக அவர் சாப்பிடுறது பீட்டா பிளாக்கர். அட்டெனலால், மெட்டோபிரலால் மாதிரி மாத்திரைகள் நாடித்துடிப்பு ஏறாம பிடிச்சு வெக்கும். உடம்பு முழு வேகத்துல ஓடிட்டு இருக்கும், மீட்டர் மட்டும் கம்மியாக் காட்டும். மாத்திரைச் சீட்டைப் படிக்காம அல்காரிதம் எழுதினா இப்படித்தான்.

இதுக்குத்தான் ஸ்வீடன்காரர் குன்னர் போர்க் உருவாக்கின அளவுகோல் இருக்கு. எவ்வளவு சிரமமா இருக்குன்னு 6ல இருந்து 20க்குள்ள நீங்களே மதிப்பெண் போடணும். நான் சொன்ன 2014 அறிக்கை 11 முதல் 14 வரை போதும்னு சொல்லுது, அதாவது லேசுக்கும் 'கொஞ்சம் கஷ்டம்'ங்கிறதுக்கும் நடுவுல. வாரத்துக்கு 3 முதல் 5 நாள், 20 முதல் 60 நிமிஷம். ஒரே மூச்சுல முடியாதவங்க பத்துப் பத்து நிமிஷமாப் பிரிச்சுக்கலாம். பலப் பயிற்சி வாரம் 2, 3 நாள். வாப்பா நம்பரை எல்லாம் ஒத்துக்கலை. ஸலவாத்து ஓதிக்கிட்டே நடக்கிறார். தடையில்லாம ஓதினா வேகம் கம்மி. ரெண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினா அதிகம். அவரோட மீட்டர் என் வாட்சைவிட நல்லா வேலை செய்யுது.

எங்களை மாதிரி நீங்களும் செய்யக்கூடிய சில தப்புகள். கதவு நிலையில கப்பி மாட்டி, கயித்தால விழுந்த கையைத் தலைக்கு மேல இழுக்கிறது பல வீட்டுல உண்டு. தளர்ந்த தோள்பட்டைக்கு அது நல்லதில்ல, வலியைத்தான் கூட்டும்னு வழிகாட்டுதல்கள் எச்சரிக்குது. அதே மாதிரி, எழுப்பி விடுறோம்னு அந்தக் கையைப் பிடிச்சு இழுக்கவே கூடாது. ரப்பர் பந்து அமுக்குறதும் அப்படித்தான். விரல் ஏற்கனவே மடங்கி இறுகிக் கிடந்தா, அவருக்குத் தேவை விரலை விரிக்கிற பயிற்சி. புறா ரத்தம் தேய்க்கச் சொல்லி எங்ககிட்டயும் ரெண்டு பேர் வந்தாங்க. புறாவை விட்டுடுங்க.

அப்புறம் கைலி. பாதம் தொங்குறவங்களுக்குக் கைலி ஓரத்துல பெருவிரல் மாட்டிக்கும். டிராக் பேண்ட் வாங்கிக் கொடுத்தேன், வாப்பா தொட்டுக்கூடப் பார்க்கலை. கடைசியில கணுக்காலுக்கு மேல நிக்கிற மாதிரி உம்மா கைலியைக் குட்டையா தைச்சுக் கொடுத்தாங்க. ரப்பர் செருப்புக்குப் பதிலா பின்னாடி வார் வெச்ச செருப்பு. நேரம் சுபுஹுக்குப் பிறகுதான். எங்க ஊர்ச் சந்துகள் குறுகல், பைக் வர ஆரம்பிச்சா ஒதுங்க இடம் கிடையாது. வெயில் ஏறிட்டா கடலோரப் புழுக்கத்துல வியர்வை காயவே காயாது.

தெருவுல நாலு பேர் பார்ப்பாங்களேங்கிற கூச்சம் இருக்கே, அது தனி வியாதி. இதுக்கு எனக்குப் பிடிச்ச கதை பெட்ரோ பாக்-ஒய்-ரீட்டாவோடது. நியூயார்க்கில் பேராசிரியர். 1959இல், 65 வயதில் பக்கவாதம். மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மகன் ஜார்ஜ், நடக்கச் சொல்லித் தராமல் முதலில் குழந்தை மாதிரித் தவழச் சொல்லிக்கொடுத்தார். பெரிய மனுஷனை இப்படித் தவழ விடுறியேன்னு அக்கம்பக்கத்தினர் முகம் சுளித்தார்களாம். அவர் மீண்டும் கல்லூரியில் பாடம் நடத்தினார். 72 வயதில் கொலம்பியாவில் மலையேறும்போது மாரடைப்பில் இறந்தார். பிறகு மூளையைப் பரிசோதித்தால், பக்கவாதச் சேதம் அப்படியே பெரிதாக இருந்தது. அது ஆறியிருக்கவில்லை, மற்ற பகுதிகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டிருந்தன. இன்னொரு மகன் பால், மூளை தன்னை மாற்றிக்கொள்ளும் திறனை ஆராயும் முன்னோடி விஞ்ஞானி ஆனதற்கு அப்பாவின் இந்தக் கதையும் காரணம். நார்மன் டாய்ட்ஜ் 2007இல் எழுதிய 'தி பிரெயின் தட் சேஞ்சஸ் இட்செல்ஃப்' புத்தகத்தில் முழுசா இருக்கு. எல்லாருக்கும் இப்படி நடக்கும்னு நான் சொல்லலை.

ஏன்னா எதிர்ப்பக்கச் சான்றும் இருக்கு, அதுவும் நம்ம நாட்டுல. லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் துரை பாண்டியன் உள்ளிட்டோர் நடத்திய அட்டெண்ட் ஆய்வு, இந்தியா முழுக்க 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள், லான்செட்டில் 2017இல் வந்தது. குடும்பத்தினருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டில் மறுவாழ்வுச் சிகிச்சை செய்யவைத்தால் பலன் கூடுமான்னு பார்த்தாங்க. ஆறு மாதத்தில் வழக்கமான கவனிப்பைவிட எந்தக் கூடுதல் பலனும் இல்லை. அது பக்கவாதம் வந்த புதுசுல செய்தது, எங்க நிலைமை வேற. ஆனாலும் படிச்சப்போ கொஞ்சம் அடங்கிப் போனேன். யூடியூப் பார்த்து நானே பிசியோ ஆகிடலாம்னு ஒரு நினைப்பு இருந்துச்சு, அதை விட்டுட்டேன். மாசம் ஒரு தடவையாவது அந்த அக்கா வந்து பார்த்துத் திருத்தினாத்தான் அடுத்த படி.

இது வயசானவங்க விஷயம்னு நினைச்சு ஸ்கிப் பண்ணிடாதீங்க. ஜெரோதா நிறுவனர் நிதின் காமத்துக்கு 2024 ஜனவரியில், 44 வயதில், லேசான பக்கவாதம் வந்தது. நல்லா உடற்பயிற்சி செய்கிற ஆள். அப்பா இறந்த துக்கம், தூக்கமின்மை, களைப்பு, நீர் வற்றியது, அளவு மீறிய பயிற்சி, இதில் எதுவும் காரணமா இருக்கலாம்னு அவரே எழுதினார். டெட்லைன் வாரத்துல மூணு மணி நேரம் தூங்கிட்டு நேரா ஜிம்முக்குப் போறோமே, நம்மளைத்தான் சொல்றேன்.

பயிற்சி நேரத்துல முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, திடீர்னு பார்வை மங்கி நடை தள்ளாடினாலோ, படுக்க வெச்சுப் பார்க்கலாம்னு நினைக்காதீங்க. உடனே 108. ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம், அறிகுறி ஆரம்பிச்ச நிமிஷத்துல இருந்து.

சரி, தரைக்கு எப்படிப் போனார்? கட்டில் விளிம்பைப் பிடிச்சு முட்டி போடுறது ஒரு மாசம். அப்புறம் பாய், முன்னாடி நாற்காலி. இறங்குறது சுலபம், எழும்புறதுதான் வேலை. முட்டியில நின்னு, நாற்காலியில வலது கையை ஊன்றி, நல்ல காலை முன்னால் வெச்சு, மூக்கை முன்னால் தள்ளி எழும்பணும். பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க எழும்பினதும் அப்படியே பத்து விநாடி நிக்கணும், தலை சுத்துதான்னு பார்க்கணும். முதல் தடவை அவர் தானா எழும்பினப்போ உம்மா கையை நீட்டிட்டு, பாதியில இழுத்துக்கிட்டாங்க. அதை நான் வீடியோ கால்ல பார்த்தேன்.

இப்போ லுஹரும் அஸரும் தரையில. சுபுஹுக்கு இன்னும் நாற்காலிதான், காலையில கால் இறுகிக் கிடக்கு. இடது கை பெருசா மாறலை, சட்டைப் பொத்தான் உம்மாதான் போடுறாங்க. ஊருக்கு வர்றப்போ ஜெட்டி வரைக்கும் கூட்டிட்டுப் போகச் சொல்லியிருக்கார், அதுக்கு இன்னும் தெம்பு வரணும்.

பாங்கு சொல்றாங்க, உங்களுக்கும் கேட்கும். நாற்காலியை இழுத்துப் போட்டுட்டார். எழும்பும்போது பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும், இன்னிக்கு என் முறை. போயிட்டு வர்றேன்.